சொகுசு எஸ்யூவியைத் தாழ்த்தலாமா? லோயரிங் ஸ்பிரிங் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

அறுபது, எழுபது லட்சம் கொடுத்து எஸ்யூவி வாங்குகிறவர்களில் சிலருக்கு, வண்டி வீட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே ஒரு குறை கண்ணில் பட ஆரம்பித்துவிடும். "எல்லாம் சரி... டயருக்கு மேல ஒரு கை நுழையுற அளவுக்கு இடைவெளி இருக்கே!" என்பார்கள். இன்ஸ்டாகிராமில் பார்க்கும் அதே மாடல் கார், தரையோடு ஒட்டிக்கொண்டு சிறுத்தை பதுங்கியதுபோல நிற்கும். நம் வீட்டு வாசலில் நிற்பதோ, விரல் நுனியில் எம்பி நிற்பதுபோலத் தெரியும். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் நான்கு காயில் ஸ்பிரிங்குகள்தான். கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, உயரம் குறைந்த ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறங்கி நிற்கும். இதைத்தான் 'லோயரிங் ஸ்பிரிங்' என்கிறார்கள்.

மாற்றுவது ஒரு நாள் வேலை. ஆனால், அந்த வண்டியில் அம்மா, அப்பா, குழந்தைகள் என்று குடும்பமே பயணம் செய்கிறது. பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், வேகத்தடை ஏறி இறங்குவதும் அந்த ஸ்பிரிங்கை நம்பித்தான் நடக்கிறது. அதனால், எந்த கலர் ஸ்பிரிங் என்று பார்ப்பதற்கு முன்பு யோசிக்க வேண்டிய விஷயங்கள் நிறையவே இருக்கின்றன.

அழகுக்கு மட்டும்தானா?

இல்லை. தாழ்த்துவதில் உண்மையான பலன்களும் உண்டு. எஸ்யூவி உயரமான வண்டி. அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளியான ஈர்ப்பு மையமும் செடான் காரைவிட உயரத்தில் இருக்கும். வளைவில் திரும்பும்போது உடல் ஒரு பக்கமாகச் சாய்வதும், பின்சீட்டில் இருக்கும் குழந்தைக்குக் குமட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான்.

ஒரு வண்டி எவ்வளவு எளிதில் கவிழும் என்பதை மதிப்பிட, அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எளிய கணக்கைப் பயன்படுத்துகிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, ஈர்ப்பு மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக இருந்தால் நல்லது. சக்கர அகலம் 1.62 மீட்டர், ஈர்ப்பு மையம் 68 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் விடை 1.19. அதே வண்டியை 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் 1.25-ஐ நெருங்கும். சுமார் ஐந்து சதவிகித முன்னேற்றம். சிறியதுதான் என்றாலும், ஸ்டீயரிங் பிடிப்பவரால் உணர முடிகிற அளவு.

வயதானவர்கள் ஏறி இறங்குவதும் கொஞ்சம் எளிதாகும். மூட்டுவலி இருக்கிற அம்மாவுக்கு 30 மில்லிமீட்டர்கூட உதவிதான்.

ஆனால், இந்தப் பலனுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. வண்டி இறங்கும்போது, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களின் கோணமும் மாறுகிறது. அளவுக்கு மீறித் தாழ்த்தினால் சில வண்டிகளில் இந்தக் கோண மாற்றமே சாய்வை அதிகப்படுத்தும் வாய்ப்பு உண்டு. 'இன்னும் இறக்கினால் இன்னும் நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது.

முதல் கேள்வி... வண்டியில் ஸ்பிரிங் இருக்கிறதா?

வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால், சொகுசு எஸ்யூவியில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். ரேஞ்ச் ரோவர், ஆடி க்யூ7, பி.எம்.டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் ஜி.எல்.இ போன்ற பெரிய வண்டிகளின் பல வேரியன்ட்களில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக, காற்று அடைத்த ரப்பர் பைகள் இருக்கும். இதுதான் ஏர் சஸ்பென்ஷன். சில மாடல்களில் பின்பக்கம் மட்டும் காற்றுப் பை, முன்பக்கம் இரும்பு ஸ்பிரிங் என்று கலந்தும் வரும்.

ஏர் சஸ்பென்ஷன் வண்டிக்கு லோயரிங் ஸ்பிரிங் என்பதே பொருந்தாது. பொதுவாக அதில் ஸ்போர்ட் மோடுக்கு மாற்றினாலே வண்டி தானாகச் சில மில்லிமீட்டர் இறங்கிக்கொள்ளும். அதற்கும் மேலே இறக்க, உயரத்தை அளக்கும் சென்சாரை ஏமாற்றும் இணைப்புக் கம்பிகளையும் எலெக்ட்ரானிக் பெட்டிகளையும் விற்கிறார்கள். அது தனிக் கதை.

பி.எம்.டபிள்யூ எக்ஸ்3, ஆடி க்யூ5, மெர்சிடிஸ் ஜி.எல்.சி போன்ற நடுத்தர அளவு சொகுசு எஸ்யூவிகளில்தான் காயில் ஸ்பிரிங் பரவலாக இருக்கிறது. ஒரே மாடலில்கூட வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும் என்பதால், சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோ, சேஸி நம்பரைக் கொடுத்து டீலரிடம் கேட்டோ உறுதி செய்துகொள்வது நல்லது.

ஸ்பிரிங்குக்குள் என்ன நடக்கிறது?

ஒரு ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதே அதன் 'ரேட்'. கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. இதில் கம்பியின் தடிமனுக்குத்தான் செல்வாக்கு அதிகம். தடிமனின் நான்காவது அடுக்கில் விறைப்பு ஏறும். 13 மில்லிமீட்டர் கம்பியை 14 மில்லிமீட்டர் ஆக்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும் ஸ்பிரிங் சுமார் 34 சதவிகிதம் விறைத்துவிடும். பார்வைக்கு இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் இரண்டு வேறு வண்டிகள்.

சுற்றுகளின் எண்ணிக்கை குறையும்போதும் விறைப்பு கூடும். கம்பெனி ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு சுற்றுகளை கிரைண்டரால் அறுத்து வண்டியை இறக்கும் 'கைவைத்தியம்' எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே புரியும். அறுத்த ஸ்பிரிங்கின் முனை, அதற்கென வார்க்கப்பட்ட இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறலாம். வெல்டிங் டார்ச்சால் சூடாக்கி உட்கார வைப்பது அதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகுக்குப் பக்குவமாக ஏற்றப்பட்ட பதம் அந்தச் சூட்டில் போய்விடும். பிறகு அது ஒரு பக்கமாகத் தொய்யும், அல்லது ஒருநாள் முறியும். இந்த இரண்டையும் செய்துதருவதாகச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

லோயரிங் ஸ்பிரிங்குகளில் லீனியர், புரோகிரஸிவ் என்று இரண்டு வகை உண்டு. லீனியரில் முதல் மில்லிமீட்டரிலும் கடைசி மில்லிமீட்டரிலும் ஒரே விறைப்பு. புரோகிரஸிவில் ஒரு முனையில் சுற்றுகள் நெருக்கமாக இருக்கும். லேசான சுமையில் மென்மையாக இருந்து, அமுங்க அமுங்க அந்த நெருக்கச் சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ள, ஸ்பிரிங் விறைக்கும். குடும்பத்தோடு பயன்படுத்தும் எஸ்யூவிக்குப் பெரும்பாலும் புரோகிரஸிவ் வகைதான் பொருந்தும். லீனியரின் சீரான நடத்தை, வளைவுகளில் வேகமாக ஓட்ட விரும்புகிறவர்களுக்குப் பிடிக்கும்.

எத்தனை மில்லிமீட்டர்?

இதுதான் முக்கியமான முடிவு. வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால், சக்கரம் மேலே போவதற்கு இருந்த இடத்தில் 30 மில்லிமீட்டர் பறிபோகிறது. ஒரு வண்டியில் அந்த இடம் 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாழ்த்திய பிறகு மிச்சம் 60. முன்பு 90 மில்லிமீட்டரில் வாங்கிக்கொண்ட அதே குலுக்கலை இப்போது 60 மில்லிமீட்டரில் வாங்க வேண்டும் என்றால், கணக்குப்படி ஸ்பிரிங் இரண்டே கால் மடங்கு விறைப்பாக வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங் போட்டால் மாட்டு வண்டிப் பயணம்தான். அதனால் நல்ல கம்பெனிகள் ஓரளவுக்கு மட்டும் விறைப்பைக் கூட்டி, மீதியை பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் தடுப்பிடம் விடுகின்றன. இறக்கம் அதிகமாக ஆக, வண்டி அந்த ரப்பரில் போய் இடிக்கும் தருணங்களும் அதிகமாகும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு 'டங்' என்று முதுகில் கேட்பது அந்தச் சத்தம்தான்.

அடுத்தது, நம் ஊர் வேகத்தடை. பி.எம்.டபிள்யூ எக்ஸ்3-யை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டு மாவட்டம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007-ல் தொடங்கிய பி.எம்.டபிள்யூ தொழிற்சாலையில் உருவான மாடல் இது. 2017-ல் உலகுக்கு அறிமுகமான தலைமுறையின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 204 மில்லிமீட்டர். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2,864 மில்லிமீட்டர்.

இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதிப்படி, பொதுச் சாலையில் போடும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். இந்த அளவில் போடப்பட்டிருந்தால் 30 மில்லிமீட்டர் தாழ்த்திய எக்ஸ்3 சிரமமின்றிக் கடந்துவிடும். சக்கரங்களும் மேட்டின் மீதே இருப்பதால் வயிற்றுப் பகுதிக்கு 11 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி மிஞ்சும்.

பிரச்னை, விதியைப் பார்க்காமல் தெருவில் போட்ட வேகத்தடைகள். 15 சென்டிமீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம் என்று சுவர்போல நிற்கும் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்சக்கரம் தாண்டிவிட்டது, பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை. மேடு முழுவதும் வயிற்றுக்குக் கீழே. 204-ல் 150 போனால் மிச்சம் 54 மில்லிமீட்டர். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் ஊருக்குப் போகும் பெட்டிகள் என்றால், பின்பக்கம் 30 முதல் 40 மில்லிமீட்டர் இறங்கும். நடுப்பகுதி அதில் ஏறக்குறைய பாதி. அதற்கு 20 கழித்தால் 34 மில்லிமீட்டர். இதுவரை வண்டி தப்பித்துக்கொண்டிருந்தது இந்த 34 மில்லிமீட்டரில்தான். லோயரிங் ஸ்பிரிங் அதில் 30-ஐ எடுத்துக்கொண்டால், 4 மில்லிமீட்டர்தான் பாக்கி. விறைப்பான ஸ்பிரிங் சுமையில் சற்றுக் குறைவாக இறங்கும் என்றாலும், வேகத்தடையில் ஒரு குலுக்கல் போதும், அடியில் உரசுவதற்கு.

அதனால் நம் சாலைகளுக்கு 20 முதல் 25 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது புத்திசாலித்தனம். தினமும் போகும் பாதையில் மோசமான வேகத்தடையும் செங்குத்தான பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவும் இருந்தால், யோசனையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஷாக் அப்சார்பர் தாங்குமா?

ஸ்பிரிங் அமுங்கி விரியும்; அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கின் விறைப்பு 25 சதவிகிதம் கூடினால், வண்டி ஆடும் வேகம் சுமார் 12 சதவிகிதம் கூடும். கம்பெனி ஷாக்கால் அந்த அளவைப் பெரும்பாலும் அடக்க முடியும். அதற்கு மேல் போனால், ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை துள்ளும்.

60,000 கிலோமீட்டர், 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் பழைய ஷாக்கோடு புது ஸ்பிரிங்கைப் போடுவது, தேய்ந்த செருப்புக்குப் புது வார் போடுவதுபோல. எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, தேவைப்பட்டால் ஷாக், பம்ப் ஸ்டாப், மேல் மவுன்ட் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால், இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டியதில்லை. கம்ஃபர்ட், ஸ்போர்ட் என்று பட்டனில் மாறும் எலெக்ட்ரானிக் ஷாக் இருந்தால், 'இந்த ஸ்பிரிங் அந்த ஷாக்கோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டதா?' என்று ஸ்பிரிங் கம்பெனியின் பட்டியலில் பார்க்க வேண்டும்.

பல பி.எம்.டபிள்யூ வண்டிகளில் பஞ்சரானாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்கள் வருகின்றன. அவற்றின் பக்கச்சுவர் இயல்பிலேயே விறைப்பானது. அதோடு விறைப்பான ஸ்பிரிங்கும் சேர்ந்தால், சொகுசுக்காகக் கொடுத்த பணம் வீணாகும்.

பார்ட் நம்பரே முக்கியம்

இந்தத் துறையில் உலகம் அறிந்த ஐபாக், ஹெச் அண்ட் ஆர் ஆகிய இரண்டு பெயர்களுமே ஜெர்மனியின் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஃபின்னென்ட்ராப், லென்னஸ்டாட் என்ற அக்கம்பக்கத்துச் சிறு நகரங்களில் இயங்குகின்றன. ஐபாக் 1951-ல் தொடங்கப்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த கே.டபிள்யூ கம்பெனியும் ஸ்பிரிங், சஸ்பென்ஷன் செட்களுக்குப் பெயர் பெற்றது.

நல்ல கம்பெனிகள், எந்த மாடல், எந்த இன்ஜின், எந்த ஆண்டு என்பதோடு, முன் ஆக்ஸிலில் எவ்வளவு எடை, பின் ஆக்ஸிலில் எவ்வளவு எடை வரை என்றும் பட்டியலில் குறிப்பிடுவார்கள். ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினின் எடை வேறு, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினின் எடை வேறு. 'எக்ஸ்3-க்கு எல்லாமே ஒண்ணுதான் சார்' என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அனுமதிக்கப்பட்ட ஆக்ஸில் எடை, டிரைவர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு பட்டியலோடு ஒப்பிடலாம்.

தரமான ஸ்பிரிங், வெளியே வரும் முன்பே முழுதாக அமுக்கி விடப்பட்டிருக்கும். பிறகு ஓடும்போது மேலும் தொய்யாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. மேற்பரப்பில் நுண்ணிய இரும்பு மணிகளை வேகமாக அடித்து வலுவேற்றி, அதன் மேல் பவுடர் கோட்டிங் கொடுப்பார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் இந்தக் கோட்டிங் முக்கியம். அது பெயர்ந்து துரு பிடிக்கும் இடத்தில்தான் விரிசல் தொடங்கும். பாதி விலைக்குக் கிடைக்கும் பெயரில்லாத ஸ்பிரிங்குகளில் இவையெல்லாம் செய்யப்பட்டிருக்கின்றனவா என்று வாங்குகிறவரால் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்பிரிங்கின் மேலேயே பார்ட் நம்பர் அச்சாகியிருக்கிறதா, அது பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, பில்லில் அந்த நம்பர் எழுதப்பட்டிருக்கிறதா என்று மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும்.

மாட்டிய பிறகுதான் பாதி வேலை

வண்டியில் இருக்கும் ஸ்பிரிங், பல நூறு கிலோ விசையோடு அமுக்கப்பட்டிருக்கும். சரியான கம்ப்ரஸர் கருவி இல்லாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து. யூடியூப் பார்த்து வீட்டு ஷெட்டில் செய்கிற வேலை இல்லை இது. மெக்கானிக்கிடம் கேட்டு வாங்க வேண்டிய வேலைகள் நான்கு.

* ஆர்ம்களில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி தன் எடையில் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். லிஃப்ட்டில் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து, சீக்கிரம் கிழியும்.

* வீல் அலைன்மென்ட் கட்டாயம். வண்டி இறங்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும். டோ அளவும் மாறும். இதைச் சரிசெய்யாமல் ஓட்டினால், விலை உயர்ந்த டயர்களின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் தேயும். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

* ஹெட்லைட் உயரம். சாய்வை சென்சார் மூலம் அறிந்து தானாகத் திரும்பும் ஹெட்லைட்கள், உயரம் மாறியதும் குழம்பிவிடலாம். வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், அல்லது நம் பாதையில் பாதியோடு நின்றுவிடும்.

* கேமரா, ரேடார். லேன் மாறினால் எச்சரிக்கும், தானாக பிரேக் பிடிக்கும் வசதிகள், வண்டி இத்தனை உயரத்தில் இருக்கிறது என்ற கணக்கில்தான் சாலையைப் பார்க்கின்றன. மறு அளவீடு தேவையா என்று கம்பெனியின் சர்வீஸ் முறைப்படி பார்த்துச் செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

'ஆர்.சி. புத்தகத்துல கிரவுண்ட் கிளியரன்ஸே கிடையாது, யார் கேட்கப்போறா?' என்று ஒர்க்‌ஷாப்களில் சொல்வார்கள். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும்போது அந்த வாதம் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஜெர்மனியில் ஸ்பிரிங்கோடு தொழில்நுட்பச் சான்று வரும். மாட்டிய பிறகு ஆய்வாளரிடம் வண்டியைக் காட்டி ஆவணத்தில் பதிவார்கள். அந்தச் சான்று தரத்துக்கு நல்ல அடையாளமே தவிர, இங்கே ஆர்.டி.ஓ. அனுமதிக்கு மாற்று ஆகாது. எனவே ஆர்.டி.ஓ. அலுவலகம், இன்ஷூரன்ஸ் கம்பெனி, வண்டியின் டீலர் ஆகிய மூன்று இடங்களிலும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. வாரண்டி பாக்கி இருக்கும் வண்டியில், சஸ்பென்ஷன் தொடர்பான கோரிக்கை நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம்.

வேறு வழி உண்டா?

வளைவில் சாய்வதுதான் குறை என்றால், சற்றுத் தடிமனான ஆன்டி-ரோல் பார் போடலாம். இது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. சாய்வைக் குறைக்கும், ஆனால் கிரவுண்ட் கிளியரன்ஸைத் தொடாது. இதுவும் மாற்றம்தான் என்பதால் மேலே சொன்ன சட்ட விசாரிப்புகள் இதற்கும் பொருந்தும். வண்டி ஆடுவதுதான் குறை என்றால், தேய்ந்த ஷாக்கையும் புஷ்களையும் அதே கம்பெனிப் பொருளாக மாற்றினாலே பலருக்குத் திருப்தி கிடைத்துவிடும்.

அப்படியும் ஸ்பிரிங்தான் என்று முடிவெடுப்பவர்கள், ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே உள்ள வளைவு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு குடும்பம் மொத்தமும் ஏறி உட்கார்ந்து, டிக்கியில் வழக்கமான சாமான்களையும் வைத்து மறுபடி அளக்க வேண்டும். வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். அதே சுமையோடு, வழக்கமாகப் போகும் பாதையில் மோசமான வேகத்தடைக்குச் சென்று, அதன் உயரத்தையும் வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியையும் அளந்தால் போதும். மிச்சம் இருப்பது எத்தனை மில்லிமீட்டரோ, அதில் எவ்வளவை விட்டுக்கொடுக்கலாம் என்பதை வீட்டில் எல்லோருமாகப் பேசி முடிவு செய்யலாம்.